உச்சிப்புளியில் பைக்கை விடுவதா, ராமநாதபுரம் வரை ஓட்டுவதா?

புதுமடம், இருமேனி, நாகாச்சிப் பக்கம் வீடு. வேலை பரமக்குடியிலோ மானாமதுரையிலோ. இப்படித் தினமும் போய் வருகிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. உச்சிப்புளி ஸ்டேஷனில் பைக்கை விட்டுவிட்டு பாசஞ்சர் ஏறலாம். ராமநாதபுரம் வரை பைக்கிலேயே போய், காசு கொடுத்து ஸ்டாண்டில் விட்டு அங்கே ரயில் பிடிக்கலாம். ரயிலே வேண்டாம் என்று பஸ்ஸில் போகலாம். மூன்றிலும் மாறி மாறிப் போய் வந்தவன் நான்.

பஸ்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். வேலை ராமநாதபுரத்திலேயே என்றால் பஸ்தான். பெண்களுக்கு வேறு யோசனையே வேண்டாம், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் கிடையாது. என் அக்கா அப்படித்தான் போய் வருகிறாள். பரமக்குடி என்றால் கணக்கு மாறிவிடும். அந்தச் சலுகை வெளியூர் பஸ்ஸுக்குச் செல்லாது; மாதம் முழுக்க டிக்கெட் எடுத்தால் சம்பளத்தில் கை வைக்க வேண்டும்.

ரயிலில் சீசன் டிக்கெட் உண்டு, 150 கிலோமீட்டர் வரை எடுக்கலாம். என்றைக்கோ ஒரு நாள் போகிறவர்களுக்கும் இப்போது நிம்மதிதான். கொரோனா சமயத்தில் 30 ரூபாய் ஆகியிருந்த குறைந்தபட்சக் கட்டணம் 2024 பிப்ரவரியில் மறுபடி 10 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஆக, கேள்வி பைக்கை எங்கே விடுவது என்பதில் வந்து நிற்கிறது.

ராமநாதபுரம் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பார்கள், ஆள் இருப்பார். பாசஞ்சரை விட்டாலும் எக்ஸ்பிரஸ் உண்டு, அதுவும் போனால் பஸ் உண்டு. வேலை முடிகிற நேரம் நிச்சயமில்லாதவர்களுக்கு இது பெரிய தைரியம். ஆனால் அதுவரை ஓட்ட வேண்டுமே! விடியற்காலையில் ராமேஸ்வரம் ரோட்டில் எதிரே வருகிற யாத்திரை வேன்களின் டிரைவர்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வருகிறவர்கள். அந்த ரோட்டில் வேன் ஒன்று மெதுவாகக் கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்ததை ஒரு தடவை பார்த்தேன். மண்ணில் இறக்கித் தப்பித்தேன். அன்றைக்கு வீட்டில் சொல்லவில்லை.

உச்சிப்புளியில் அந்தப் பயம் இல்லை. பத்து நிமிஷத்தில் ஸ்டேஷன். பாசஞ்சர் வருகிற சத்தம் கேட்கும்போது மரத்தடியில் பைக்கைச் சாய்த்துவிட்டு ஓடினாலும் ஏறிவிடலாம். டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் பார்த்துக்கொள்வார்கள். குறை இரண்டு. பாசஞ்சர் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒன்றை விட்டால் அடுத்ததற்குள் அலுவலகத்தில் பாதி நாள் போய்விடும். ஆடிக் காற்றில் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தி வைத்துவிட்டால் நாமும் காத்திருக்க வேண்டியதுதான். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகும் காற்று காற்றுதானே.

இன்னொன்று உப்பு. நாள் முழுக்கத் திறந்தவெளியில் நிற்கிற பைக்கின் கண்ணாடியைச் சாயங்காலம் விரலால் துடைத்தால் மாவு மாதிரி ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். செயின் வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் கேட்கும். என் பைக் சைலன்ஸரின் அடிப்பக்கம் இரண்டே வருஷத்தில் பொத்தலாகிவிட்டது.

பாம்பன்காரர்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றதும், ரோட்டுப் பாலத்தைக் கடந்து வந்து மண்டபத்தில் பைக்கை விட்டு ஏறினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படி.

சரி, எது மேல்? நேரத்துக்கு வேலை முடிகிறவர்கள் உச்சிப்புளியில் விடுங்கள். சைலன்ஸர் போனால் மாற்றிக்கொள்ளலாம். ராத்திரி எட்டு, ஒன்பது ஆகும் என்றால் மட்டும் ராமநாதபுரம். அப்போதும் திரும்பும்போது மெதுவாக வாருங்கள். நான் இப்போது உச்சிப்புளிதான். அங்கே ஒரு கொட்டகை மட்டும் போட்டுவிட்டால் போதும். தகரம் வேண்டாம், இந்தக் காற்றில் அதுவும் பொத்தலாகிவிடும். நம்மூரில் பனை ஓலைக்கா பஞ்சம்?