பலேனோ காரின் பின் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்: ஆறு மாதம் ஓட்டிய பிறகு

என் பழைய மாருதி பலேனோவில் பின் டிரம் பிரேக்கை (மூடிய உருளைக்கு உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது) கழற்றிவிட்டு, 2017இல் வந்த பலேனோ ஆர்எஸ் மாடலின் டிஸ்க் பிரேக் செட்டை மாட்டினேன், கோவையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில். சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிபரும் போதும் என்று போனவன் நான். ஹப், பிராக்கெட், ஹேண்ட்பிரேக் கேபிள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பில் எகிறியது.

சரி, வண்டி எப்படி நிற்கிறது? ஊருக்குள் வித்தியாசமே இல்லை. பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாய்ந்துவிடுவதால் பெரும்பாலான வேலையை முன் சக்கரங்களே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் நாலு பேரும் மூட்டை முடிச்சுமாகக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, முன்பெல்லாம் பாதி வழியிலேயே டிரம் சூடாகிப் பெடல் கீழே போக ஆரம்பிக்கும், இப்போது கடைசி வளைவு வரை ஒரே மாதிரி பிடிக்கிறது.

கடுப்பேற்றியது ஹேண்ட்பிரேக்தான். கேபிளைச் சரியாக இழுத்துக் கட்டாமலே அனுப்பிவிட்டார்கள்; வீட்டுச் சரிவில் வண்டி மெல்ல நகர, சக்கரத்துக்குச் செங்கல் வைத்துவிட்டுத்தான் தூங்கினேன். மறுநாள் காசு வாங்காமல் சரிசெய்தார்கள். ஆனாலும் நிறுத்திப் பிடிப்பதில் பழைய டிரம்தான் கெட்டி.

மலைப்பக்கம் அதிகம் போகாதவர்கள் முன்னால் நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், நல்ல டயர் போடுங்கள். செலவும் குறைவு.