ஜப்பானிய எழுத்துச் செயலிக்குக் காசு கட்டுவதற்கு முன்னால்

ஜப்பானிய மொழிக்கு இரண்டு அடிப்படை எழுத்து வரிசைகள்: ஹிரகானா 46, கட்டகானா 46. 247 எழுத்தைப் படித்து வந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்ற தெம்பில்தான் அந்தச் செயலியைப் போனில் இறக்கினேன். பெயர் வேண்டாம். இதே ரகத்தில் வேறு பெயரில் இன்னொன்று வரும்; ஏமாற்றும் விதம் தெரிந்தால் போதும்.

அ, இ, உ, எ, ஒ ஐந்தும் இலவசம். அடுத்த எழுத்தைத் தொட்டதும் பூட்டு. 'முழுப் பாடத்தையும் திறக்க' என்ற பொத்தானை அழுத்திப் பணம் கட்டினால், திறந்தது ஹிரகானா மட்டும். கட்டகானாவுக்குத் தனிக் கட்டணமாம். அப்புறம் எது முழுப் பாடம் என்று எழுதிக் கேட்டதற்கு 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. சரி, ஆரம்பித்தாயிற்றே என்று அதற்கும் அழுதேன்.

காசைக்கூட விடுங்கள், சொல்லிக்கொடுத்த லட்சணம்தான் வயிற்றெரிச்சல்.

கட்டகானாவில் 'ஷி', 'ட்ஸு' இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்: இரண்டு குட்டிக் கோடு, ஒரு நீளக் கோடு. 'ஷி'யில் குட்டிக் கோடுகள் இடப்பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். நீளக் கோட்டைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். 'ட்ஸு'வில் அவை மேலே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். 'ன்', 'ஸொ' ஜோடிக்கும் இதே கதைதான், குட்டிக் கோடு மட்டும் ஒன்று. கை போகும் திசைதான் இந்த எழுத்துகளின் உயிர். செயலியோ விரலை எப்படி இழுத்தாலும் பச்சை டிக் போட்டு நட்சத்திரம் கொடுத்தது. நாற்பது நாளும் நான்கையும் மேலிருந்து கீழேதான் இழுத்திருக்கிறேன். ஜப்பானியம் தெரிந்த நண்பரிடம் தாளில் எழுதிக் காட்டினேன். "இதில் எதுங்க ஷி?" என்றார். எனக்கே தெரியவில்லை.

எழுத்துக்கு அடியில் எப்போதும் ரோமாஜி வேறு, அதாவது ஜப்பானிய ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதுவது. அதை மறைக்க வழியே இல்லை. கண் ஆங்கில எழுத்துக்குத்தானே ஓடும்? அதிலும் நெடிலைக் காட்டவில்லை. ஒபசன் என்றால் அத்தை, சித்தி. ஒபாசன் என்றால் பாட்டி. குறில் நெடில் நமக்குக் கைவந்த சமாச்சாரம், செயலியில் இரண்டும் ஒன்றுதான். 'கொன்னிச்சிவா'வின் கடைசி எழுத்து 'ஹ', அங்கே அதை 'வ' என்று படிக்க வேண்டும். எழுத்தெழுத்தாக ஒட்டவைத்த குரல் 'கொன்னிச்சிஹா' என்றது. நானும் நாற்பது நாள் அப்படியே வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ஜப்பானிய வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன, சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட சித்தம் எழுத்துமுறை வழியாக அங்கே சேர்ந்த ஒழுங்கு அது. தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம். அதைக் கலைத்துப் போட்டுவிட்டு 'புத்திசாலி வரிசை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வெறுத்துப்போய்ச் செயலியை அழித்தேன். அடுத்த மாதமும் பணம் எடுத்தார்கள். ஒரே தடவை கட்டணம் என்று நினைத்தது மாதச் சந்தாவாம், பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. போனிலிருந்து செயலியை அழித்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

காசு கட்டும் முன் இலவச எழுத்தில் ஒன்றை வேண்டுமென்றே தலைகீழாக எழுதிப் பாருங்கள். டிக் விழுந்தால் அப்போதே வெளியே வந்துவிடுங்கள். படத்தை வைத்து எழுத்தை நினைவில் நிறுத்தும் செயலிகளை ஜப்பான் அரசு சார்ந்த பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகவே தருகிறது. எழுதிப் பழக நான் இப்போது கட்டம் போட்ட நோட்டுக்கு வந்துவிட்டேன்; 'ஷி' ஒருவழியாக 'ஷி' மாதிரி இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்ட மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை. 'உங்கள் 40 நாள் தொடர் அறுந்துவிடும், உடனே வாருங்கள்' என்று மட்டும் தினமும் வருகிறது.