எல்லாருக்கும் 97.9 காட்டும் தெர்மாமீட்டர்: வாங்கியிருந்தால் இன்றைக்கே சோதித்துவிடுங்கள்

நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி பிடித்து பட்டனை அழுத்தினால் ஒரு நொடியில் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லும் தெர்மாமீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி ஏமாந்த கதை இது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, ஒரு ராத்திரி முழுக்க என் நான்கு வயது மகளுக்குக் காய்ச்சலே இல்லை என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதுதான் ஆறவில்லை.

சாயங்காலமே துவண்டு படுத்துவிட்டாள். தொட்டால் சுட்டது. மெஷினை எடுத்துப் பிடித்தேன், 97.9, பச்சை விளக்கு. மறுபடி பிடித்தேன், 98.1, அதுவும் பச்சை. பத்து தடவையாவது பார்த்திருப்பேன். அம்மா வந்து அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அடியே, நெருப்பாக் கொதிக்குது, அந்த மெஷினைத் தூக்கி ஓரமா வை" என்றாள். நான் கேட்கவில்லை, மெஷின் பொய் சொல்லுமா என்று அம்மாவிடமே வாதாடினேன். காலையில் கிளினிக்கில் நர்ஸ் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, பீப் வந்ததும் எடுத்துப் பார்த்துவிட்டு, "எப்போதிருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். 102.6. காதில் தொற்று. மருந்து கொடுத்தார்கள், சரியாகிவிட்டது, அதை விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மெஷினோடு உட்கார்ந்தேன். மகள் நெற்றி 98.1. என் நெற்றி 97.9. குழாய்த் தண்ணீரில் நன்றாக நனைத்துத் துடைத்த என் உள்ளங்கை, தொட்டால் சில்லென்று இருக்கிறது, அதற்கும் 97.5! அப்புறம்தான் பக்கவாட்டில் மோட் மாற்றும் பட்டன் ஒன்று இருப்பதைக் கவனித்தேன். அதில் உடம்பு, பொருள் என்று இரண்டு படம். பொருள் மோடுக்கு மாற்றிப் பிடித்தால் என் நெற்றி 93.4, மகள் நெற்றி 98.2, ஈரக்கை 82 சொச்சம். அதாவது சென்சாருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது! உடம்பு மோடுக்கு வந்ததும்தான் எல்லாவற்றையும் இழுத்து 97, 98-க்குள் அடைத்துவிடுகிறது.

இதில் ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வகைக் கருவி உள்உடம்புச் சூட்டை நேரடியாக அளப்பதே இல்லை. தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தோலின் சூட்டை அளக்கிறது. நல்லா இருக்கிறவர்களுக்கே நெற்றித் தோல் 93, 94 என்றுதான் இருக்கும். அதன்மேல் ஒரு கணக்குப் போட்டு வாயில் வைத்தால் இவ்வளவு இருக்கும் என்று காட்டுவதுதான் உடம்பு மோட். அந்தக் கணக்கை ஒழுங்காகப் போடும் கருவிகள் இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் யாரைப் பிடித்தாலும் நார்மல் வருகிற மாதிரி கணக்குப் போட்டுவிட்டால் வாங்கினவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் வாங்கின அன்று வீட்டில் எல்லாரும் நல்லாத்தானே இருக்கிறோம், 98 காட்டினால் அடடா சரியாகக் காட்டுகிறதே என்று சந்தோஷப்படுவோம். நானும் அப்படித்தான் ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

98.6 என்ற எண்மேல் நமக்கு இருக்கிற பக்திதான் இவர்களுக்கு முதலீடு. வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் சுமார் 25,000 பேருக்கு அக்குளில் அளந்து 1868-ல் வெளியிட்ட சராசரி அது. எல்லாருக்கும் எந்நேரமும் அதுவே இருக்காது, விடியற்காலையில் குறைவாகவும் மாலையில் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வரை கூடுதலாகவும் இருப்பது சகஜம். எந்நேரமும் ஒரே எண் காட்டுகிறது என்றாலே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விற்றவரிடம் சாட்டில் கேட்டேன். முதலில் பேட்டரி மாற்றச் சொன்னார். மாற்றினேன். அப்புறம் வியர்வை இருந்ததா, ஃபேன் ஓடியதா, கருவியை வேறு அறையிலிருந்து எடுத்து வந்ததும் உடனே பார்த்தீர்களா என்றார். இதெல்லாம் நியாயமான கேள்விதான், வியர்த்த நெற்றி உண்மையிலேயே குறைத்துக் காட்டும், கருவியும் அறைச் சூட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது வேண்டும், அன்றைக்கு ஃபேனும் ஓடியது. என் பக்கத் தப்பு அவ்வளவுதான். ஆனால் ஃபேன் காற்று ஈரக்கையை 97.5 ஆக்காதே? இரண்டு மோடிலும் எடுத்த படங்களை அனுப்பியதும் வந்த பதில்: "மேடம், இது குறிப்புக்காக மட்டும், மருத்துவக் கருவி கிடையாது, பெட்டியிலேயே போட்டிருக்கு." பார்த்தேன், பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. விற்பனைப் பக்கத்திலோ மருத்துவத் துல்லியம் என்று கொட்டை எழுத்தில். ரிட்டர்ன் நாளும் முடிந்துவிட்டதாம்.

என் மகளுக்கு நான்கு வயது, அதனால் தப்பித்தோம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 வந்தாலே உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பார்கள். அந்த வீட்டில் இந்தப் பச்சை விளக்கு எரிந்தால்?

இப்போது அக்குளில் வைக்கிற சாதாரண டிஜிட்டல்தான் எங்கள் வீட்டில். அதிலும் வாயில் வைப்பதென்றால் சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்து இருபது நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும், அக்குள் என்றால் கையை இறுக்கி வைத்து பீப் வரும்வரை பொறுக்க வேண்டும், வாயைவிட அக்குளில் சற்றுக் குறைவாகவே காட்டும். குழந்தை நெளியும், சிரமம்தான்.

நான் போட்ட ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக்கி விவரமாக எழுதினேன், இரண்டு நாளில் அந்தப் பக்கத்தையே காணோம். நேற்று தேடினால் அதே படம், அதே பச்சை விளக்கு, வேறு பெயரில் விற்பனையில் இருக்கிறது. வாங்கியவர்கள் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் உள்ளங்கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, உடம்பு மோடில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள்.