புக்மேக்கரா, எக்ஸ்சேஞ்சா? பிரிட்டனில் பந்தயம் கட்டத் தொடங்குபவருக்கு

பிரிட்டனில் கால்பந்துக்குப் பந்தயம் கட்ட நினைக்கும் புதியவருக்கு முதன்மையாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வில்லியம் ஹில், லாட்புரோக்ஸ் போன்ற புக்மேக்கர்கள். கடைத்தெருவில் கடையும் கைப்பேசியில் செயலியும் வைத்திருப்பவர்கள். மற்றொன்று, பெட்ஃபேர், ஸ்மார்க்கெட்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகள். பந்தயம் கட்டுபவர்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் இணையச் சந்தைகள். இரண்டையும் பார்த்த பிறகு நான் எக்ஸ்சேஞ்சில்தான் கணக்கு வைத்திருக்கிறேன். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். இரண்டுக்கும் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் பணம் போட முடியாது. ஜெயித்த பணத்துக்கு வரி கிடையாது. எதில் சேர்ந்தாலும் முதல் நாளே வைப்புத்தொகைக்கு உச்சவரம்பு வைத்துவிடுங்கள். கை மீறுகிறது என்று தோன்றினால் கேம்ஸ்டாப் என்ற சுயவிலக்குச் சேவையில் பதிவு செய்யலாம். அதன்பின் உரிமம் பெற்ற எந்த இணையதளமும் ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என நீங்கள் கேட்ட காலத்துக்கு உங்களைச் சேர்த்துக்கொள்ளாது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே 2025இல் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது.

புக்மேக்கரிடம் கட்டும்போது எதிரே நிற்பது அந்த நிறுவனம். விலையை (ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால், கட்டியதையும் சேர்த்துத் திரும்பி வரும் தொகையை) அதுவே வைக்கும், தோற்றால் உங்கள் பணம் அதற்குப் போகும். 2000இல் தொடங்கிய பெட்ஃபேர் இதை மாற்றியது. அங்கே எதிரே நிற்பவர் உங்களைப் போன்ற இன்னொருவர். பங்குச் சந்தையைப் போல இருவர் கேட்கும் விலையும் ஒத்துப்போனால் பந்தயம் சேரும். நிறுவனம் ஜெயித்தவரின் லாபத்தில் மட்டும் கமிஷன் எடுத்துக்கொள்ளும்.

என் முடிவைத் தீர்மானித்தது விலைதான். உதாரணத்துக்கு ஓர் ஆட்டம். புக்மேக்கர் உள்ளூர் அணிக்கு 2.10, சமநிலைக்கு 3.40, வெளியூர் அணிக்கு 3.50 தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். (கடைச் சுவரில் முதல் விலை 11/10 என்று எழுதியிருக்கும். 10 கட்டினால் லாபம் 11 என்று பொருள், இரண்டும் ஒன்றே.) எது நடந்தாலும் 100 பவுண்டு திரும்பி வரும்படி மூன்றிலும் கட்டினால் 47.62, 29.41, 28.57 என மொத்தம் 105.60 பவுண்டு போட வேண்டும். அந்த 5.60தான் கடைக்காரர் விலைக்குள் ஒளித்து வைத்திருக்கும் லாபம். அதே ஆட்டத்துக்கு எக்ஸ்சேஞ்சில் 2.16, 3.55, 3.70 கிடைத்தால் 101.50 பவுண்டு போதும்.

இனி ஒரே பந்தயமாகப் பாருங்கள். உள்ளூர் அணிக்கு 10 பவுண்டு கட்டி ஜெயித்தால் புக்மேக்கரிடம் லாபம் 11 பவுண்டு. எக்ஸ்சேஞ்சில் 11.60. அதில் 2 சதவீதக் கமிஷன் போக 11.37 கையில் நிற்கும். 37 பென்ஸ்தானே என்று தோன்றும். ஆனால் தோற்கும் பந்தயங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்த விலைகள் உண்மையான வாய்ப்பை ஒட்டியே இருக்கின்றன என்று கொண்டால், 10 பவுண்டு கட்டும் ஒவ்வொரு முறையும் புக்மேக்கரிடம் சராசரியாக 53 பென்ஸ் இழப்பு, எக்ஸ்சேஞ்சில் 25 பென்ஸ். இரண்டிலுமே இழப்புதான் என்பதைப் புதியவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்குக்குக் கொடுக்கும் கட்டணம் பாதிக்கும் கீழே இறங்குகிறது, அவ்வளவே.

கமிஷன் 5 சதவீதமாக இருந்தால் மேலே சொன்ன லாபம் 11.02 ஆகச் சுருங்கிவிடும். பிறகு எக்ஸ்சேஞ்சுக்குப் போவதில் பொருளே இல்லை. பெட்ஃபேரில் 2 சதவீதத் திட்டமும் உண்டு, 5 சதவீதத் திட்டமும் உண்டு. எதில் இருக்கிறோம் என்று கணக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். கீழ்நிலை லீக் ஆட்டங்களைக் கவனமாகப் படிக்கும் நண்பர் ஒருவரின் கணக்கை ஒரு புக்மேக்கர் நிறுவனம் சில பென்ஸுக்கு மேல் கட்ட முடியாதபடி முடக்கிவிட்டது. தோற்பவரை வரவேற்று, ஜெயிப்பவரைத் துரத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. யார் ஜெயித்தாலும் கமிஷன் வருவதால் எக்ஸ்சேஞ்சுக்கு அந்த அவசியமே இல்லை.

புக்மேக்கர் பக்கம் சொல்ல வேண்டியவை: ரொக்கமாகக் கட்டலாம். பல ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்துக் கட்டும் அக்யுமுலேட்டருக்கு அவர்களே வசதி. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தின் விலைக்குள்ளும் அவர்களின் லாபம் இருப்பதால் கோக்கக் கோக்க அதுவும் பெருகும். புதியவருக்குத் தரும் இலவசப் பந்தயத்தில், கட்டிய தொகை பொதுவாகத் திரும்பி வராது. 30 பவுண்டு இலவசப் பந்தயம் 2.00 விலையில் ஜெயித்தால் கிடைப்பது 60 அல்ல, 30. குதிரைப் பந்தயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. கடையில் கட்டுபவர்கள் அதற்குச் சொல்லும் நியாயங்களை என்னால் எடைபோட முடியாது. பிரீமியர் லீக் ஆட்டங்களுக்கு எக்ஸ்சேஞ்சில் ஆள் பஞ்சமில்லை. கீழ்நிலையான லீக் டூ ஆட்டத்தில் நீங்கள் கேட்கும் விலைக்கு எதிரே யாரும் வராமல் பந்தயம் சேராமலே போகலாம்.

பெட்ஃபேர் திரையில் ஒவ்வொரு அணிக்கும் நேரே நீலக் கட்டமும் இளஞ்சிவப்புக் கட்டமும் இருக்கும். நீலம், அணி ஜெயிக்கும் என்று கட்டுவது. இளஞ்சிவப்பு, ஜெயிக்காது என்று கட்டுவது. அங்கே 6.0 விலையில் 10 பவுண்டு என்று எழுதினால், அந்த அணி ஜெயித்தால் நீங்கள் கொடுக்க வேண்டியது 50 பவுண்டு. அந்தத் தொகை உறுதி செய்யும் முன் திரையிலேயே காட்டப்படும். அதைப் படித்துப் பழகும்வரை நீலக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.