சுங்கை சிப்புட்ல ஃபார்மட் பண்ணாம லேப்டாப் சரி பண்ற கடை

ரெண்டு ஓஎஸ் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இந்த ரிவியூ, மத்தவங்களுக்கு எந்தக் கடைன்னாலும் ஒன்னுதான். என் லேப்டாப்ல விண்டோஸ் 11-ம் லினக்ஸ் மிண்ட்டும் (விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஓஎஸ், இலவசம்) இருக்கு, ஸ்லோவா இருக்குன்னு வேற ஒரு கடையில குடுத்தேன், அவங்க விண்டோஸ புதுசா போட்டு குடுத்தாங்க, வீட்டுல வந்து தொறந்தா நேரா விண்டோஸுக்குப் போவுது, ஓஎஸ் செலக்ட் பண்ற மெனுவே காணோம். கேட்டா "லினக்ஸ் போச்சு பாஸ், எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணணும், 150 வெள்ளி"ங்கிறாங்க. பிள்ளைங்க படம், தோட்டத்து கோயில் கணக்கு எல்லாம் அதுல கெடக்கு, வயித்த கலக்கிருச்சு.

இந்தக் கடை மெயின் ரோட்டுல மாடியில இருக்கு, போர்டு சரியா தெரியாது, கீழ சாப்பாட்டுக் கடையில கேட்டா காட்டுவாங்க. கடைக்கார அண்ணன் லேப்டாப்ப வாங்குனதும் ரேட்டு பேசல. ஆன் பண்ணி எஃப்2 தட்டி பையோஸுக்குள்ள (ஓஎஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) போயி பூட் ஆர்டர, அதாவது எது முதல்ல ஏறணுங்கிற வரிசைய பாத்தாரு, மேல விண்டோஸ் பூட் மேனேஜர், கீழ உபுண்டுன்னு ஒரு லைன். "இதான் தம்பி உங்க மிண்ட்டு, மிண்ட் போட்டாலும் இங்க உபுண்டுன்னுதான் பேரு வரும்"னு சொல்லி அத மேல தூக்கி வச்சு சேவ் பண்ணாரு, அவ்வளவுதான், மெனு வந்து நிக்குது. இதுக்கா 150 வெள்ளி!

அதோட விடல. மிண்ட்டுல இருந்து டி டிரைவ்ல ஒன்னும் சேவ் ஆகாதுன்னு சொன்னேன், விண்டோஸ்ல சீக்கிரமா ஆன் ஆகுறதுக்கு இருக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணாரு, அது ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா ஷட்டவுன் ஆகாதாம், அதனாலதான் மிண்ட் எழுத விடமாட்டேங்குது. 2024 ஆகஸ்ட்ல வந்த விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் ரெண்டு ஓஎஸ் இருக்கிற சில (டூயல் பூட்) மெஷின்ல லினக்ஸ் ஏறாம செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்னு காட்டி ஆஃப் ஆச்சே, அதுக்கும் ஃபார்மட் தேவையே இல்லன்னாரு, பையோஸ்ல நம்பிக்கையில்லாத சாஃப்ட்வேர ஏற விடாம தடுக்கிற செக்யூர் பூட்ட கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி லினக்ஸ்ல ஒரு கமாண்ட் போட்டா போதுமாம். எனக்கு 30 வெள்ளி வாங்கினாரு.

குறையும் இருக்கு. ரசீது கேட்டாத்தான் குடுக்கிறாரு, போன் அடிச்சா எடுக்கவே மாட்டாரு, எஸ்எஸ்டி விலை ஆன்லைன விட கூட. மிண்ட்ட மூடிட்டு விண்டோஸ் போனா மணி 8 மணி நேரம் பின்னால காட்டுது, அத நானா கேட்ட பிறகுதான் சரி பண்ணாரு. கூட்டம் வேற, 2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப் இல்லாத பழைய லேப்டாப்ப தூக்கிக்கிட்டு மிண்ட் போட்டுக் குடுங்கன்னு வராங்க, காலையிலயே போயிருங்க.

போறவங்க, விண்டோஸ் டிஸ்க்க பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட ரெக்கவரி கீ 48 நம்பரையும் கையோட எடுத்துட்டு போங்க, பையோஸ்ல கைய வச்சா சில மெஷின் அத கேட்கும், அந்த நேரத்துல கீ இல்லன்னு நின்னா அண்ணனாலயும் ஒன்னும் பண்ண முடியாது. 5-க்கு 4.