வீட்டுக்கு வர்ற நர்சிங் சர்வீஸ்: சிஸ்டருக்கு அஞ்சு ஸ்டார், ஆபீசுக்கு ரெண்டு

ரிவ்யூ போடுங்க சார்னு மூணு தடவ மெசேஜ் அனுப்பிட்டாங்க, சரி போடுவோம்னு உக்காந்தா எத்தன ஸ்டார் போடுறதுன்னே புரியல, ஏன்னா வந்த சிஸ்டர் தங்கம், அவங்கள அனுப்புற ஆபீஸ் இருக்கே, அது தனி கத. ரெண்டையும் கூட்டி வகுத்து மூணரை வந்துச்சு, அரை ஸ்டார் போட முடியலன்றதால மூணு போட்டிருக்கேன்.

எங்க வீடு மதுரை செல்லூர். அம்மாவுக்கு 58 வயசு, மார்புல கேன்சர். தீபாவளி சமயமே குளிக்கும்போது கட்டி கையில தட்டுப்பட்டிருக்கு, பொங்கல் வரைக்கும் யார்ட்டயும் வாயத் தொறக்கல, மருமக பாத்து சத்தம் போட்டப்புறந்தான் வெளிய வந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சு கீமோ ஆரம்பிச்சப்ப வலது கையில பிக் லைன்னு ஒரு குழா வச்சு விட்டாங்க. முழங்கைக்கு மேல உள்ள போயி நுனி நெஞ்சுல இதயத்துக்கு மேல இருக்குற பெரிய ரத்தக்குழாய்ல நிக்கும். மொதல்ல ஏத்துற சிவப்பு கலர் கீமோ மருந்து கை நரம்ப விட்டு வெளிய கசிஞ்சா சதையவே வேக வச்சிரும்னு சொன்னாங்க, அதுக்குத்தான் இது. கீமோ மூணு வாரத்துக்கு ஒருக்கா, ஆனா இந்தக் குழாய்க்கு வாரா வாரம் கட்டு மாத்தணும், சலைன் விட்டு அலசணும். அதுக்காக ஒவ்வொரு தடவையும் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரி போயி, அங்க இருமிக்கிட்டு இருக்குற கூட்டத்துல அம்மாவ உக்கார வைக்கிறதுக்கு பயந்துதான் வீட்டுக்கு வர்ற சர்வீஸ் தேடுனேன்.

மொத நாள் சிஸ்டர் ஸ்கூட்டில வந்தாங்க, அனுப்பானடில இருந்து. வந்ததும் பைய தரையில வைக்கல, ஒரு நாற்காலி கேட்டாங்க. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கை கழுவுனாங்க பாருங்க, நான் பல்லு வெளக்குறதே அவ்ளோ நேரம் கிடையாது. ஃபேன அமத்தச் சொன்னாங்க, அம்மாவ முகத்த அங்கிட்டு திருப்பிக்கச் சொன்னாங்க. பழைய ஒட்டுப் பிளாஸ்திரிய கீழ இருந்து மேல, குழா இருக்குற பக்கமாவே மெதுவா உரிச்சாங்க, மாத்தி இழுத்தா குழாயே வெளிய வந்துருமாம். அப்புறம் இன்ச் டேப் எடுத்து வெளிய எத்தன சென்டிமீட்டர் நிக்குதுன்னு அளந்தாங்க, கை சுத்தளவு அளந்தாங்க, ரெண்டையும் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுனாங்க. எதுக்கு சிஸ்டர்னு கேட்டேன். வெளிய நிக்கிற நீளம் கூடுனா குழா எடம் மாறுது, கை பெருத்தா உள்ள ரத்தம் கட்டுதோன்னு சந்தேகப்படணும், கண்ணால பாத்து சொல்ல முடியாது, டேப்புதான் சொல்லும்னாங்க. இடது பக்கம் நெறிக்கட்டி எடுத்த கைன்றதால அங்க பிரஷர் பாக்கக் கூடாது ஊசி போடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருந்தாங்க, அதையும் நாங்க சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டாங்க.

அந்த நோட்டு இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு. 

இப்ப ஆபீஸ் லட்சணம். நாலாவது வாரம் சிஸ்டர் லீவு, வேற ஆள் அனுப்புறோம்னாங்க. வந்தது இருவது வயசு இருக்கும் ஒரு பொண்ணு, பாவம் நல்ல பிள்ளதான், ஆனா நர்ஸ் கிடையாது, முதியவங்கள பாத்துக்குற அட்டெண்டர். அது பைக்குள்ள இருந்து எடுத்தது சின்ன ரெண்டு எம்.எல். சிரிஞ்சு. நான் ஒண்ணும் தெரியாம நின்னுக்கிட்டு இருக்கேன், எங்கம்மாதான் கைய இழுத்துக்கிட்டு, "ஏத்தா, அந்த சிஸ்டரு பெரிய சிரிஞ்சுல்ல கொண்டு வருவாக, எங்க அது?"ன்னு கேட்டுச்சு. அந்தப் புள்ளைக்கு பதில் தெரியல. சிஸ்டருக்கு போன் போட்டா, தொட வேணாம், அப்படியே விடுங்க, நான் நாளைக்கு வந்துர்றேன்னாங்க. சின்ன சிரிஞ்சுல தள்ளுனா அழுத்தம் ஜாஸ்தியாகும், அடைப்பு இருந்தா குழாயே கிழியும், அதனால பத்து எம்.எல்.லுக்கு கீழ எடுக்கவே கூடாதாம், அதுவும் ஒரேயடியா தள்ளாம விட்டு விட்டுத் தள்ளணுமாம். மூணாப்பு வரைக்கும் படிச்ச எங்கம்மா பாத்தே பழகுனது, காசு வாங்குற ஆபீசுக்குத் தெரியல. போன் பண்ணி கேட்டா "எல்லாருமே டிரெயினிங் ஆனவங்கதான் சார்"னு அந்த மேடம் ஒரே பாட்ட பாடுறாங்க. அடுத்த மாசம் இன்னொரு தடவையும் அதே கத, அப்ப வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்.

ரேட் போன்ல சொன்னது விசிட்டுக்கு 600. பில்லுல டிரெஸ்ஸிங் கிட் தனி, டிராவல் தனி. வாசல்லயே திருப்பி அனுப்புன ஆளுக்கும் கிட் காசு போட்டிருந்தாங்க.

திரும்ப சிஸ்டர் கதைக்கே வர்றேன், ஏன்னா இந்த ரிவ்யூவே அவங்களுக்காகத்தான். ரெண்டாவது கீமோ முடிஞ்சு பதினோராவது நாள், சாயங்காலம் அம்மாவுக்கு லேசா ஒடம்பு சுட்டுச்சு. பாராசிட்டமால் ஒண்ணு போட்டு படுக்க வைப்போம்னு மாத்திரைய உரிச்சுட்டேன், எதுக்கும் கேப்போம்னு சிஸ்டருக்கு போன் பண்ணேன். மாத்திரைய கீழ வைங்க, மொதல்ல தெர்மாமீட்டர்ல என்ன இருக்குன்னு சொல்லுங்கன்னாங்க. 100.8. "100.4 தாண்டிருச்சுன்னா இது சாதா காய்ச்சல் இல்ல தம்பி, இந்த வாரம் வெள்ளணு அடிமட்டத்துல இருக்கும், மாத்திரை போட்டு காய்ச்சல மறைச்சுறாதீங்க, ராத்திரின்னு பாக்காம கெளம்புங்க, போனதும் கீமோ பேஷன்ட்டுன்னு மொத வார்த்தையா சொல்லுங்க"ன்னாங்க. போயி ரத்தம் எடுத்தா எதிர்ப்பு சக்தி தர்ற நியூட்ரோபில் ஐநூறுக்கும் கீழ, உடனே நரம்பு வழியா ஆன்டிபயாடிக். அஞ்சு நாள் உள்ள இருந்துட்டு வந்தோம். அந்த போன் மட்டும் பண்ணலன்னா நான் அத நெனச்சுப் பாக்கவே விரும்பல.

சின்ன சின்ன விஷயமும் நிறைய. வாய்ப்புண்ணுக்கு ஆறுன வெந்நீர் ஒரு டம்ளர்ல கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் ஆப்பசோடா போட்டு கொப்புளிக்கச் சொன்னாங்க. ஒண்ணுக்கு சிவப்பா போறது மருந்து கலருதான், ரத்தம் இல்லன்னு மொதல்லயே சொல்லி வச்சதால நாங்க பதறல. அம்மா ஜிகர்தண்டா கேட்டு அடம், வெள்ளணு கவுண்ட் ஏறட்டும்மா, நானே வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு சொன்ன மாதிரியே கடைசி விசிட்டுக்கு வாங்கிட்டு வந்தாங்க. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்குத்தான் கட்டு மாத்துற முற. ஆபீசுக்கு அந்த ஞாபகமே இல்ல, மதுரையில இருந்துக்கிட்டு! சிஸ்டரே முந்தின நாள் போன் பண்ணி, நாளைக்கு ஆத்தத் தாண்டி செல்லூர் வர முடியாது, இன்னைக்கே வந்துர்றேன், ஏழு நாளத் தாண்ட விடக் கூடாதுன்னாங்க.

ஒரு நாள் கட்டு மாத்தி முடிச்சுட்டு என் வீட்டுக்காரிய பாத்து, உனக்கு முப்பது தாண்டிருச்சுல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு வினிகர் டெஸ்ட் ஓசிதான், போயி பாத்தியான்னு கேட்டாங்க. இவ முழிக்கிறா. அப்பத்தான் சொன்னாங்க, இது நம்ம பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்துல நர்ஸுங்க செஞ்சு காட்டுன விஷயம்னு. நான் நம்பாம தேடிப் படிச்சேன், உண்மதான். 2000ல ஆரம்பிச்சது. 30லருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்க 49,311 பேர கூப்பிட்டதுல 31,343 பேர் வந்திருக்காங்க. கர்ப்பப்பை வாயில நீர்த்த வினிகர் மாதிரி ஆசிட்ட தடவி ஒரு நிமிஷம் பாத்தா, மாறிப்போன எடம் வெள்ளையா தெரியும். தடவுனது, பாத்தது, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனது, உறைய வச்சு வைத்தியம் பண்ணது எல்லாமே டிரெயினிங் எடுத்த நர்ஸுங்க. டெஸ்டுக்கு கூப்பிடாத ஊர்களோட ஒப்பிட்டா அந்தக் கேன்சர் 25 சதவீதம், அதால சாவு 35 சதவீதம் கம்மின்னு 2007ல லான்செட்ன்ற மருத்துவப் பத்திரிகைல வந்திருக்கு. எங்க பெரியம்மா ஒட்டன்சத்திரம் பக்கம், போன் போட்டு கேட்டா, "ஆமாடா, நர்ஸம்மாக வந்து கூப்பிட்டாக, நான் வெக்கப்பட்டுக்கிட்டு போகல"ன்னு கூலா சொல்லுது.

மார்புக்கும் அப்படி ஒண்ணு மும்பைல நடந்திருக்கு. மார்ப எக்ஸ்ரே எடுக்குற மேமோகிராம் மெஷின் கிடையாது, பழக்கி விட்ட பெண் ஊழியர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கையால தடவிப் பாத்திருக்காங்க, ஒன்றரை லட்சம் பேர 20 வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2021ல முடிவு வந்துச்சு. அம்பது வயசு தாண்டுனவங்கள்ல சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறஞ்சிருக்கு, அதுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அப்படி பலன் தெரியல. எங்கம்மா 58. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவுல எத்தன வாரம்னு அன்னைக்கு ராத்திரி எண்ணிக்கிட்டே கெடந்தேன்.

வீட்டுக்காரி போயி பாத்துட்டு வந்துட்டா, ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டு அக்காவையும் இழுத்துக்கிட்டு போனா.

இந்த சர்வீஸ எடுக்கப்போறவங்களுக்கு: போன்லயே ஸ்டாஃப் நர்ஸா அட்டெண்டரான்னு கேளுங்க, பிக் லைன் பாத்த அனுபவம் இருக்கான்னு கேளுங்க, வாட்ஸப்ல எழுதி வாங்குங்க. படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு, காசு செலவழிக்க முடியாதவங்களுக்கு 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல கவர்மென்ட் நர்ஸே வீட்டுக்கு வர்றாங்க, ஏரியா சுகாதார நிலையத்துல பேர் கொடுத்தா போதும், மொதல்ல அத விசாரிங்க.

மூணு ஸ்டார் ஏன்னு ஆபீஸ்ல இருந்து போன் வரும்னு தெரியும். வரட்டும், வாசல்லயே திருப்பி அனுப்புன அன்னைக்கு போட்ட கிட் காசு 340 ரூபா இன்னும் எனக்குத் திரும்பி வரல.