ஹெமிங்வேயின் ‘தி சன் ஆல்ஸோ ரைஸஸ்’: வாங்கும் முன், படிக்கும்போது

முதல் உலகப் போர் ஒரு தலைமுறையை என்ன செய்தது என்பதைச் சொல்லும் நாவல் என்று கேள்விப்பட்டு இதை வாங்குபவர்கள், பாதிப் புத்தகம் வரை போரைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். போர்க்களக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. வெடிப்பது திருவிழா வாணம் மட்டும்தான். பாரிஸில் குடிக்கிறார்கள், ஸ்பெயினுக்குப் போய் மீன் பிடிக்கிறார்கள், அங்குள்ள பாம்ப்லோனா நகரின் சான் ஃபெர்மின் காளை விழாவில் இன்னும் குடித்துச் சண்டை போட்டுக் கலைகிறார்கள். 1926-இல் வந்த இந்த நாவலின் கதை அவ்வளவுதான்.

போர் இருப்பது சின்னச் சின்னப் பொருள்களில். இந்தக் கூட்டத்தில் ஒருவனான, போரில் இருந்த மைக் கேம்பெல் சொல்லும் பதக்கக் கதையைச் சிரித்துவிட்டுக் கடக்காதீர்கள். விருந்துக்குப் பதக்கம் அணிந்து போக வேண்டும். தனக்குரியதை அவன் கேட்டு வாங்கவே இல்லை. தையற்காரரிடம் ஒரு பெட்டிப் பதக்கங்களைக் கடன் வாங்குகிறான். அங்கே தேவைப்படவில்லை. பிறகு ஓர் இரவு விடுதியில் அவற்றை வெட்டியெடுத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுகிறான். அவை வேறொரு படைவீரர் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தவை. அவருக்கு அவை உயிர்.

கதைசொல்லி ஜேக் பார்ன்ஸ், பாரிஸில் வேலை பார்க்கும் அமெரிக்கப் பத்திரிகையாளர். இத்தாலியப் போர்முனையில் பட்ட காயத்தால் தான் காதலிக்கும் பிரெட் ஆஷ்லி என்ற பெண்ணோடு உடலால் சேர முடியாதவர். காயம் இன்னதென்று எங்கும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 4-ஆம் அத்தியாயத்தில் இரவு வீடு திரும்பியதும் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்: 2432.60 டாலர். நான்கு காசோலைகளைக் கழித்தால் 1832.60. அப்புறம் உடை களைந்து கண்ணாடி முன் நிற்கிறார். விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்துத்தான் அழுகை வருகிறது. இந்த வரிசைதான் ஜேக். எதற்கு எவ்வளவு கொடுத்தோம், பதிலுக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு கடைசி வரை ஓடுகிறது. பணம் பேசப்படும் இடங்களில் நிதானமாகப் படியுங்கள்.

பிரெட்டை ஆண்களை மேய்பவள் என்று ஒதுக்குவது சோம்பேறி வாசிப்பு. அவள் போர்க்கால நர்ஸ். காதலன் போரின்போது வயிற்றுக்கடுப்பில் செத்தான். கணவன் ஆஷ்லி பிரபு கட்டிலில் படுக்கமாட்டான், அவளையும் தரையில்தான் படுக்கவைப்பான். பக்கத்தில் குண்டு நிரப்பிய ரிவால்வர். இது 17-ஆம் அத்தியாயத்தில், மைக்கின் வாயில், போகிறபோக்கில் வருகிறது. அதே அத்தியாயத்தில் வேறொன்றும் உண்டு. காளை ஓட்டத்தில் ஓர் ஆளைக் குத்திக் கொன்ற காளையைப் பிறகு அரங்கில் 19 வயது காளைச்சண்டை வீரன் ரொமேரோ கொல்கிறான். அதன் காது அவனுக்குப் பரிசாகக் கிடைக்க, அதை பிரெட்டுக்குக் கொடுக்கிறான். அவள் அதை ஜேக்கின் கைக்குட்டையில் சுற்றி, சிகரெட் துண்டுகளோடு விடுதி மேசையின் இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறாள். அந்த விடுதிக்காரர் மொன்டோயாவிடமும் ஓர் இழுப்பறை இருந்தது: காளைச்சண்டையில் உண்மையான ஈடுபாடு இல்லாத வீரர்களின் படங்களை அதில் போட்டுவைத்து, ஒருநாள் மொத்தமாகக் குப்பைக்கூடையில் கொட்டினார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

12-ஆம் அத்தியாயத்து மீன்பிடிப்புதான் புத்தகத்தின் நல்ல காற்று. ஜேக் புழு மாட்டி ஆறு ட்ரவுட் மீன்கள் பிடிக்கிறார். குடலெடுத்து, கழுவி, பையில் பெரணி இலை, மூன்று மீன், பெரணி, மூன்று மீன், மறுபடி பெரணி என்று அடுக்குகிறார். யாருக்கும் யார்மேலும் கோபமில்லாத பக்கங்கள்.

தடுக்கும் இடங்கள்: முதல் பாகத்தில் தெருப்பெயரும் கடைப்பெயரும் குவியும்; வரைபடம் தேட வேண்டாம், போய்க்கொண்டே இருங்கள். உரையாடலில் யார் பேசுகிறார் என்று ஹெமிங்வே பல வரிகளுக்குச் சொல்லமாட்டார். குழம்பினால் கடைசியாகப் பெயர் வந்த வரிக்குத் திரும்பி ஒன்றுவிட்டு ஒன்றாக எண்ணுவதே வழி. இதே கூட்டத்தில் இருக்கும் ராபர்ட் கோன் விஷயம் வேறு. அவன் யூதன் என்பதை மற்றவர்கள் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாவல் அவர்களைக் கண்டிப்பதில்லை, பல இடங்களில் கூடவே சிரிக்கிறது. கறுப்பர்களைக் குறிக்கும் வசைச் சொல்லும் தாராளம். காலம் அப்படி என்று சொல்லிச் சமாளிக்க எனக்கு மனமில்லை. அது இந்த நாவலின் குறைதான்.

பதிப்பு பற்றி. ஹெமிங்வே 1961-இல் இறந்ததால் இந்தியாவில் 2022 முதல் காப்புரிமை இல்லை. எனவே மலிவுப் பதிப்புகள் நிறைய. வாங்குமுன் 3 பாகம், 19 அத்தியாயம், முகப்பில் இரண்டு மேற்கோள்கள் (எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் சொன்னது ஒன்று, பைபிளின் பிரசங்கி நூலிலிருந்து ஒன்று) இருக்கிறதா பாருங்கள். தலைப்பே இரண்டாவதிலிருந்து எடுத்தது. ‘ஃபியஸ்டா’ என்ற பெயரில் கிடைப்பதும் இதே நாவலின் பிரிட்டன் தலைப்புதான், இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

கூடுதல் செலவுக்குத் தயார் என்றால் 2014-இல் வந்த ஹெமிங்வே லைப்ரரி பதிப்பு. ஹெமிங்வேயின் நண்பரான எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் யோசனைப்படி வெட்டப்பட்ட தொடக்கம் அதில் பின்னிணைப்பாக இருக்கிறது. பிரெட்டின் முன்கதை அங்கே நேரடியாகவே சொல்லப்பட்டுவிடுகிறது, ஆகவே நாவலை முடித்த பிறகே அந்தப் பக்கம் போங்கள்.